மழைப் பாதைக்குக் கெய்ட்டர்

கணுக்காலைச் சுற்றி, ஷூவின் வாயை மூடிக் கட்டும் துணியுறைதான் கெய்ட்டர். மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் இதைக் கேட்டால், பெரும்பாலும் பனிமலைக்கான சரக்கைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். முழங்கால் வரை உயரம், நீர் புகாத கனத்த துணி, அதற்கேற்ற விலை. அதை வேலூர்ப் பக்கத்து மழையில் மாட்டிக்கொண்டு மேடேறிப் பாருங்கள். வெளியே பெய்யும் நீரை அது தடுக்கும், ஆனால் உள்ளே வியர்வை ஊறிக் காலுறையைப் பிழியலாம் என்ற நிலை வந்துவிடும்.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு அடிப்படையான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மழையில் எந்தக் கெய்ட்டரும் காலை உலர்வாக வைக்காது. அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். தண்ணீரோடு கூட வருகிற மணல், சேறு, புல்விதை, உண்ணி, அட்டை ஆகியவற்றை வெளியே நிறுத்த வேண்டும். தண்ணீரை மட்டும் வந்த வழியே போகவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் கெய்ட்டர் நல்ல கெய்ட்டர். பல சமயம் அது கடையிலேயே மலிவான கெய்ட்டராகவும் இருக்கும்.

விரிஞ்சிபுரத்தை நடுவாக வைத்துப் பேசக் காரணம் உண்டு. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது ஊர். மதிலழகுக்குப் பேர்போன கோயில். உள்ளே இருப்பவர் மார்க்கபந்தீசுவரர் என்ற வழித்துணைநாதர். மிளகு வணிகருக்கு வழிக்காவலாகக் கூடவே போனவர் என்று தலபுராணம் சொல்கிறது, நடப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஊரைவிட்டு இறங்கினால் ஆற்று மணல். தெற்கே அமிர்திக் காடும் ஜவ்வாது மலையும், மேற்கே வாணியம்பாடி தாண்டினால் ஏலகிரி. தென்மேற்குப் பருவத்தில் மாலை இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை என இரண்டு பருவத்திலும் பாதை நனையும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை இந்தக் கரையோர ஊர்கள் எளிதில் மறக்காது. இவற்றோடு, வேலூர் முதல் வாணியம்பாடி வரை டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த வட்டாரம் இது. ஷூவின் எந்த இடத்தில் ஊசி போகும், எங்கே போகாது என்று தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்குச் சிலர் இருப்பார்கள். கெய்ட்டர் விஷயத்தில் அது பெரிய வசதி.

ஒன்றை மறக்க வேண்டாம். மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு வனத்துறை அனுமதியில்லாத நடைபயணத்தைக் கண்டிப்போடு தடுக்கிறது. 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பாதைகளை முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். கெய்ட்டர் வாங்குவதற்கு முன் அனுமதி வாங்குங்கள்.

உள்ளே வருவது எது?

ஓடும்போது ஒரு காலின் குதிகால் கிளப்பும் மணல் மற்றக் காலின் கணுக்கால் மேல் விழுகிறது. அங்கிருந்து ஷூவின் காலருக்கும் காலுறைக்கும் நடுவே இறங்குகிறது. காய்ந்த மணலாக இருந்தால் ஷூவைக் கழற்றித் தட்டிவிடலாம். ஈர மணல் காலுறையின் பின்னலுக்குள் ஒட்டிக்கொண்டு போகாது. நீரில் ஊறிய தோலில் உராய்வு கூடும். அதோடு மணலும் சேர்ந்தால், டேனரியில் தோலுக்கு பஃபிங் போடுகிற வேலையை உங்கள் காலுறை உங்கள் பாதத்துக்குச் செய்யும். கொப்புளம் அதன் பிறகு வருவதுதான். நாற்று நடுகிறவர்களுக்கு வரும் சேற்றுப்புண்ணும் இதே ஊறலின் பிள்ளை. நாள் முழுக்க நனைந்த ஷூவோடு நடப்பவருக்கும் விரலிடுக்கில் அது வரலாம். இதைக் கெய்ட்டர் தடுக்காது. மாற்றுக் காலுறையும், நடுவே ஷூவைக் கழற்றிக் காற்றாட உட்காரும் பத்து நிமிடமும்தான் தடுக்கும்.

அடுத்து புல்விதை. மழை ஓய்ந்த மார்கழியில் மலைச்சரிவுகளில் ஊசிப்புல் முற்றி நிற்கும். அதன் விதைக்கு முறுக்கிய நீண்ட வால் உண்டு. ஈரம் பட்டால் வால் முறுக்கவிழ்ந்து சுழலும், உலர்ந்தால் திரும்ப முறுக்கிக்கொள்ளும். அப்படிச் சுழலச் சுழல விதையின் கூர்முனை துணிக்குள் துளைத்து இறங்கும். காலுறையில் ஏறிய ஊசிப்புல்லைப் பாதையோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியவருக்குக் கெய்ட்டரின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாயுருவியும் இப்படித்தான் தொற்றும், ஆனால் அது துளைக்காது.

சீமைக்கருவேல முள் வேறு கதை. பாலாற்றுப் படுகையில் அது நேராக சோல் வழியே ஏறும். அதற்குக் கெய்ட்டர் மருந்தல்ல, தடித்த சோல்தான் மருந்து.

எவ்வளவு உயரம்?

ஓட்டக்காரர்களுக்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும், இழுவை உள்ள லைக்ரா வகைக் குட்டைக் கெய்ட்டர் போதும். நனைந்தால் எடை கூடுவது தெரியாது. ஓடும்போதே பாதி உலர்ந்துவிடும். முழங்கால் உயரத்தை மாட்டிக்கொண்டு ஓடினால் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் துணியைத் தள்ளும். துணியும் மெல்ல மெல்லக் கீழே சரியும்.

நடப்பவர்கள் பாதையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஏறுவதுபோல் தேய்ந்து பழகிய மண்பாதை என்றால் குட்டையே போதும். ஜவ்வாதில் முழங்காலளவு புல்லை விலக்கிக்கொண்டு போகிற தடம் என்றால் முழங்காலுக்குக் கீழ்வரை மூடுவது நல்லது. இரண்டுக்கும் நடுவே, கெண்டைக்காலின் பாதியில் முடியும் நடுத்தர உயரம் ஒன்று விற்கிறார்கள். கெண்டைக்கால் பருத்திருக்கும் இடத்தில் அதன் மேல்விளிம்பு உட்காருவதால், இறுக்கினால் உறுத்தும், தளர்த்தினால் இறங்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

துணி

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட்டால் அது வியர்வையையும் வெளியே விடும், உள்ளே வந்த நீரையும் விடும். காற்றே வரவில்லை என்றால் பாலியூரித்தேன் (பி.யு.) பூச்சோ, உள்ளே படலமோ இருக்கிறது.

கோர்டெக்ஸ் போன்ற படலத் துணிகள் மழையைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே சூடும் ஈரமும் அதிகமாகவும், வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். குளிர்நாட்டில் அந்த வித்தியாசம் தானாகவே இருக்கிறது. ஆவணி மாத மாலை மழையில் விரிஞ்சிபுரத்தில் வெளியே இருக்கும் காற்றும் உள்ளே இருக்கும் காற்றும் ஏறக்குறைய ஒன்று. ஆவிக்குப் போகக் காரணமில்லை. அதிக விலை கொடுத்து வாங்கியதன் பலன் அங்கே கரைந்துபோகிறது.

நீர்புகாத துணிக்கு இங்கேயும் இடம் உண்டு. மார்கழி விடியலில் காவலூர், ஜமுனாமரத்தூர் பக்கம் புல்மேல் பனி கொட்டிக்கிடக்கும். மழையே இல்லாமல் பதினைந்து நிமிடத்தில் ஷூ தொப்பலாகிவிடும். குளிரும் இருப்பதால் படலம் ஓரளவு வேலை செய்யும். அப்படிப்பட்ட விடியல் நடைக்கும், இமயமலைப் பயணத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

துணியின் தடிமனை டெனியர் கணக்கில் சொல்வார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஓட்டத்துக்கு இந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். முழுநீளக் கெய்ட்டரில், பாறையிலும் முள்ளிலும் உரசும் கீழ்ப்பாதி தடித்த கார்டுரா நைலானாகவும், மேல்பாதி மெல்லியதாகவும் இருந்தால் கைதேர்ந்தவர் வடிவமைத்தது என்று அறியலாம். மேலும் கீழும் ஒரே கனத்த துணி என்றால் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

துணியின் முகம் வழவழப்பாக இருக்கட்டும். பின்னல் தெரிகிற, ரோமம் எழும்பிய துணியில் ஊசிப்புல்லும் நாயுருவியும் ஆசையாக வந்து தங்கும். நிறம் வெளிறியதாக இருந்தால் ஊர்ந்து ஏறும் உண்ணி கண்ணில் படும். சேறு தெரியாமல் இருக்கக் கறுப்பு வாங்குவது வழக்கம். சேறு தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

தோலிலேயே தைத்துக்கொண்டால்?

இந்த வட்டாரத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தோல் கெய்ட்டருக்குப் பழைய வரலாறு உண்டு. குதிரைக்காரர்களும் படைவீரர்களும் கெண்டைக்காலில் தோலுறை கட்டினார்கள். பிறகு காலாட்படையில் கம்பளிப் பட்டியைச் சுற்றிக் கட்டும் முறை வந்தது. 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் காலிலும் அப்படிச் சுற்றிய பட்டிதான் இருந்தது. வெல்டிங் வேலைக்காரர்கள் இன்றும் தோல் கால்கவசம் கட்டுகிறார்கள். ஆனால் அது தீப்பொறிக்கு, தண்ணீருக்கு அல்ல.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல்தான் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துக்குப் பேர் வாங்கித் தந்தது. அது தண்ணீரை நன்றாகக் குடிக்கும். ஈரமாக இருக்கும்போது இழுத்த இழுப்புக்கு வளையும். காய்ந்தால் வளைந்த வடிவத்திலேயே விறைத்துக்கொள்ளும். இரும்புக் கொக்கியோ ஆணியோ அதில் இருந்தால், ஈரத்தில் பட்டைச்சாறும் இரும்பும் சேர்ந்து கறுப்புக் கறை படியும். குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் அவ்வளவு விறைக்காது. 1970களில் அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலும் ஷூவுமாக அனுப்பத் தூண்டிய பிறகு இங்கே பரவலானது அதுதான். அதுவும் தனியே விட்டால் நனையும். டிரம்மில் போடும்போதே நீர்விலக்கும் மருந்து கலந்து செய்த தோல் கிடைக்கிறது. ஷூ அப்பருக்கு அது அருமையான பொருள். ஆனால் அதை முழங்கால் வரை இரண்டு காலிலும் சுற்றினால் எடையைத் தூக்குவது நீங்கள்தான். ஐப்பசி மழையில் ஒரு வாரம் பையில் மறந்து வைத்தால் பூசணம் பூத்துவிடும்.

முள்வேலி வேலைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் தோல் சரி. நடைக்கும் ஓட்டத்துக்கும் வேண்டாம். தோலுக்குக் கெய்ட்டரில் சின்ன வேலைகள் இரண்டு இருக்கின்றன. நடக்கும்போது ஒரு ஷூ மற்றக் காலில் உரசும் உட்பக்கக் கணுக்காலில் ஒட்டுப்போட ஒரு துண்டு. லேஸ் கொக்கி துணியைக் கிழிக்காமல் இருக்க அதன் அடியில் ஒரு துண்டு. கட்டிங்கில் விழும் குரோம் தோல் கழிவே இதற்குத் தாராளம்.

ஷூவோடு பிடித்து வைப்பது

கெய்ட்டர் நல்லதா கெட்டதா என்பது துணியைவிட இந்தப் பிடிப்பில்தான் தீர்மானமாகிறது. முன்னால் லேஸில் மாட்டும் கொக்கி, பாதத்துக்கு அடியில் போகும் பட்டை, குதிகாலில் வெல்க்ரோ என மூன்று இடங்கள். எல்லாக் கெய்ட்டரிலும் மூன்றும் இருக்காது.

கொக்கியை, விரல்பக்கம் எவ்வளவு தள்ளி மாட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி, லேஸின் கடைசிக் கட்டில் மாட்டுங்கள். அப்போதுதான் ஷூவின் நாக்குப் பகுதி (டங்) மேல் துணி இறுகப் படியும். கொக்கி மெல்லிய கம்பியாக இருந்தால் ஈரச்சேற்றில் வளைந்து அவிழும். தட்டையான, வாய் குறுகிய கொக்கி நல்லது.

அடிப்பட்டைதான் முதலில் சாகும். சோலின் நடுவே, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையில் குழிவு உள்ள ஷூவில் பட்டை அந்தக் குழிவில் ஒளிந்துகொள்ளும், தரையில் அவ்வளவாகத் தேயாது. குழிவே இல்லாமல் தட்டையாக இருக்கும் சோலில் ஒவ்வொரு அடியும் பட்டையின்மேல்தான் விழும். ஏலகிரியின் கல்பாதையில் அது அதிக நாள் தாங்காது. ஆகவே தட்டை சோல் ஷூ வைத்திருப்பவர்கள் அடிப்பட்டை இல்லாத, வெல்க்ரோவால் பிடிக்கும் வகையைப் பாருங்கள். பட்டை வேண்டும் என்பவர்கள், அது பக்கிளில் கோத்து மாற்றக்கூடியதா, துணியோடு சேர்த்துத் தைத்ததா என்று பார்க்க வேண்டும். தைத்தது அறுந்தால் கெய்ட்டரே போயிற்று.

அறுந்த பட்டைக்கு மாற்றாகத் தோல் வார் போடலாம் என்று தோன்றும். போட வேண்டாம், நனைந்தால் நீண்டு தளரும். உள்ளே நைலான் துணி வைத்த ரப்பர் பட்டை, பழைய கன்வேயர் பெல்ட்டின் மெல்லிய துண்டு, அவசரத்துக்கு சைக்கிள் டியூப், இவைதான் சரி. துளைக்குப் பித்தளை ஐலெட் அடிக்கச் சொல்லுங்கள்.

குதிகால் வெல்க்ரோவுக்கு வருவோம். சொரசொரப்பான கொக்கிப் பக்கம் ஷூவில் இருக்க வேண்டும், மிருதுவான பக்கம் கெய்ட்டரில். ஒட்டுப்பசையோடு வரும் வெல்க்ரோத் துண்டை அப்படியே ஒட்டினால் முதல் ஓடையைத் தாண்டும்போதே அது உங்களிடம் விடைபெறும். கம்பெனியில் வேலை செய்யும் யாரையாவது கேளுங்கள், முறை இதுதான் என்பார்கள்: ஒட்டும் இடத்தை எமரித் தாளால் தேய்த்து, தூசு துடைத்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்தி, ஒரு நாள் அப்படியே வைப்பது. அதன்மேல் நான்கு ஓரமும் தையல் போட்டால் ஷூ தேயும்வரை நிற்கும். குதிகாலின் கீழ்ப்பகுதியில் கவுண்டர் என்ற கெட்டியான உள்தகடு இருப்பதால் சாதாரண மெஷின் ஊசி உடையும். காலருக்குக் கீழே மெத்தென்ற பகுதியில் பேட்ச் மெஷினால் தைக்கலாம். கீழே வேண்டுமானால் கைத்தையல்தான். நீர்புகாத படலம் உள்ள ஷூவில் ஊசியே வேண்டாம். ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு.

ஆற்றுமணலில் ஓடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வலைத்துணி அப்பர் உள்ள ஷூவில் பொடிமணல் காலர் வழியே மட்டுமல்ல, வலைக்கண் வழியேயும் வரும். மொராக்கோப் பாலைவனத்தில் 1986 முதல் நடக்கும் மாரத்தான் தெ சாப்ல் ஓட்டத்துக்குப் போகிறவர்கள் ஷூ முழுவதையும் மூடும் கெய்ட்டர் போடுவார்கள். சோலுக்கு மேல் விளிம்பைச் சுற்றிலும் வெல்க்ரோ தைத்து, பாராசூட் துணி போன்ற மெல்லிய உறையை அதில் ஒட்டிக்கொள்கிறார்கள். பங்குனி, சித்திரையில் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலுக்கு அது பொருந்தும். தைத்துத் தர ஆம்பூரைவிட நல்ல இடம் கிடையாது. மழைக்காலத்தில் அதை மாட்டாதீர்கள். ஷூவுக்குள் வந்த நீர் வலைக்கண் வழியே வெளியேற வேண்டும். முழு உறை அதை அடைத்துவிடும்.

பாலாற்றைப் பற்றி இன்னொன்று. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன டேனரிக் கழிவு விவகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊர்ச்சாக்கடையும் சேர்ந்து தேங்கி நிற்கும் குட்டைகளில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். கொப்புளம் உடைந்த காலோடு இறங்கவே கூடாது. அந்த நீரைக் கெய்ட்டர் தடுக்காது.

திறப்பும் அளவும்

முழுநீளக் கெய்ட்டரில் திறப்பு முன்பக்கம், அகலமான வெல்க்ரோவோடு இருக்கட்டும். பின்பக்கத் திறப்பைச் சேற்றில் குனிந்து மூடுவது வேதனை. ஜிப் வைத்தவை பார்க்க அழகு. சேறு புகுந்தால் பாதியில் நின்றுவிடும். பக்கிள்கள் வெளிப்பக்கம் வரும்படி இடதுவலது பார்த்து மாட்டுங்கள், உட்பக்கம் இருந்தால் ஒன்றில் ஒன்று சிக்கித் தடுக்கிவிடும்.

கெண்டைக்காலின் பருத்த இடத்தை, போடப்போகும் பேன்ட்டோடு சேர்த்து, மாலையில் அளந்துகொள்ளுங்கள். கடையில் மாட்டியதும் ஒரு முறை குத்தவைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள். மேல்விளிம்பு இறங்கியிருந்தால் அளவு பெரியது. விரல் நுழையவில்லை என்றால் சிறியது. குட்டைக் கெய்ட்டருக்குச் சோதனை இன்னும் சுலபம்: குதிகாலை வேகமாகத் தூக்கிப் பாருங்கள், பின்விளிம்பு ஷூவைவிட்டு எழும்பக்கூடாது.

கடைக்கே போக வேண்டாம் என்பவர்களுக்கு, பழைய நீளமான ஃபுட்பால் சாக்ஸ் இருக்கிறது. பாதப்பகுதியை வெட்டிவிட்டு, வெட்டிய ஓரத்தை ஓவர்லாக் போட்டு, முன்னால் ஒரு கொக்கியும் பின்னால் வெல்க்ரோவும் வைத்தால் தீர்ந்தது. ஊசிப்புல் ஏறும் என்பது ஒன்றுதான் குறை. மணலுக்கு அது குறைவில்லாமல் வேலை செய்யும்.

மழைக்கால்சட்டை உள்ளேயா வெளியேயா என்று கேட்பார்கள். மழை பெய்துகொண்டிருந்தால் கால்சட்டை கெய்ட்டருக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் நீர் முழுவதும் நேராக ஷூவுக்குள் இறங்கும். மழை நின்று, ஈரப்புல்லிலும் சேற்றிலும் நடக்கும்போது கெய்ட்டர் வெளியே.

அட்டையும் பாம்பும்

அட்டை நம் பக்கத்து மலைகளில் பெரிய தொல்லை இல்லை. வால்பாறை, சிக்கமகளூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது. சிக்கமகளூர்க் காப்பித் தோட்டங்களில் நடக்கும் மல்நாடு அல்ட்ரா ஓட்டத்துக்கு இங்கிருந்தும் போகிறார்கள். கெய்ட்டர் மட்டும் போதாது. ஷூவுக்கும் துணிக்கும் நடுவே உள்ள சந்தில் அட்டை நுழைந்துவிடும், தளர்ந்த பின்னல் காலுறைக்குள்ளும் வாய் வைக்கும். நெருக்கமாக நெய்த துணியில் தைத்து, பாதம் முதல் முழங்கால் வரை ஒரே பையாக இருக்கும் அட்டைக் காலுறைதான் தீர்வு. அதைச் சாதாரணக் காலுறைக்கு மேல், ஷூவுக்குள் போட வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்கள் புகையிலை ஊறிய நீரையோ உப்பையோ தடவுவார்கள். மழை கழுவும்வரை பலிக்கும். கடித்த அட்டையைச் சுட வேண்டாம், பிய்க்கவும் வேண்டாம். நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பித் தள்ளுங்கள். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

நாம் பேசிவரும் எந்தக் கெய்ட்டரும் பாம்புக்கடிக்குக் காவல் அல்ல. அதற்கென்று கெட்டியாகச் செய்யும் உறைகள் வேறு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள பகுதி இது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். இருட்டினால் டார்ச் இல்லாமல் நகராதீர்கள்.

வீடு திரும்பியதும்

வெல்க்ரோவில் சிக்கிய விதையையும் சேற்றையும் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பி.யு. பூச்சு உள்ள துணியை ஈரத்தோடு சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். நம் காற்றின் ஈரத்தில் அது சீக்கிரமே நடக்கும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

பூச்சிக்காகப் பெர்மெத்ரின் தெளிப்பவர்கள் துணியில் மட்டும் தெளித்து, முழுக்கக் காய்ந்தபின் அணிய வேண்டும். மீன்களுக்கும் பூனைகளுக்கும் அது நஞ்சு. தெளித்த கெய்ட்டரை ஓடையில் அலசாதீர்கள், ஈரமாக இருக்கும்போது பூனை நடமாடும் இடத்தில் காயப்போடாதீர்கள்.

அந்த மருந்து எதற்கு என்றால் உண்ணிக் காய்ச்சலுக்காக. ஸ்கரப் டைபஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் வேலூரைச் சுற்றி இது அதிகம். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் அளவு, கண்ணில் படாது. வெளிறிய நிறக் கெய்ட்டர் இங்கே உதவாது. புல்லிலிருந்து காலில் ஏறி, துணி இறுகும் இடம்வரை போய்க் கடிக்கும். இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் அதற்குப் பிடித்த இடங்கள். நெருக்கமாக நெய்த, ஷூவோடு சந்தில்லாமல் பொருந்திய கெய்ட்டர் அது ஏறும் முதல் வழியை அடைக்கும், அவ்வளவுதான். புல்லில் துண்டு விரிக்காமல் படுத்தீர்களானால் கெய்ட்டர் போட்டதும் வீண். வந்ததும் உடுப்பைக் களைந்து வெந்நீரில் போட்டு, உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும்.

ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாருக்கும் அது வராது. வந்தால் நோயைக் காட்டிக்கொடுக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தே குணமாக்கும். முற்றினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்த நிலையில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று காட்டி, 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வை முன்னின்று நடத்தியது வேலூர் சி.எம்.சி.தான். காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போனாலும், எத்தனை நாளைக்கு முன் எந்த மலையில் புதருக்குள் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.